மிச்சத் தோல்

சலூன்காரர் டிரம் நாற்பத்தைந்து கிலோ குறைந்தார். பட்டப்பெயர் மட்டும் குறையவில்லை. உடம்பு பாதியான பிறகும் தெருவில் அவர் டிரம்தான்.

டாக்டர்தான் காரணம். "இப்படியே போனா, உங்களுக்கு முன்னாடி உங்க முழங்கால் ரிட்டயர் ஆயிடும்" என்றார். நின்றே பிழைக்கிற மனிதருக்கு அது போதும். ஒன்றரை வருஷம் வாயைக் கட்டினார், கடை திறக்கும் முன் நடையாய் நடந்தார். அதுவரை முடிவெட்ட வந்த நேரமெல்லாம் "கொஞ்சம் குறைங்க" என்று உயிரை வாங்கியவர்கள், குறைந்ததும் குரலைத் தாழ்த்தி, "என்ன, சுகரா?" என்றார்கள். இல்லை என்றால் அவர்கள் முகம் தொங்கிப்போனது. பாவம், பெரிய வியாதியாக எதிர்பார்த்து வந்திருந்தார்கள்.

கொழுப்பு போய்விட்டது, தோல் போகவில்லை. வயிற்றில் மடிந்து தொங்கியது, கைக்கு அடியில் ஆடியது. ஒருநாள் ஒருவருக்குக் காதோரம் கத்தரித்துக்கொண்டிருந்தபோது, தூக்கிய கையின் தோல் அவர் கன்னத்தை மெல்லத் தடவிவிட்டது. அவர் மூடிய கண்ணைத் திறக்காமல், "பவுடர் பஃப் புதுசா?" என்று கேட்டார். அன்று சாயங்காலமே டிரம் நாலு முழுக்கைச் சட்டை வாங்கினார்.

முழுக்கைச் சட்டை சலூனுக்கு ஆகுமா? வெட்டின முடியெல்லாம் மணிக்கட்டு வழியாக ஏறி உள்ளே குடித்தனம் நடத்தியது. அரிப்பு பிடுங்கித் தின்றது. மனிதர் நெளிந்துகொண்டே வெட்டினார், சட்டையை மட்டும் மாற்றவில்லை.

அதற்கும் ஆலோசகர்கள் வந்தார்கள். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், "ஆபரேஷன் பண்ணி வெட்டி எடுத்துடலாம்பா, இப்பல்லாம் சாதாரணம்" என்றார். அவருடைய தொங்கின கன்னத்தை டிரம் அப்போது இரண்டு விரலால் இழுத்துப் பிடித்துத்தான் ஷேவ் செய்துகொண்டிருந்தார். விட்டதும் அது பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்தது. வருஷக்கணக்காக இழுத்த கன்னம், ஒருநாளும் அசிங்கமாகப் பட்டதில்லை. தன் வயிறு என்று வந்தபோதுதான் மனசு ஒப்பவில்லை.

வினை வீட்டில் முளைத்தது. துண்டோடு வீடெல்லாம் உலாத்திய மனிதர் இப்போது சட்டையோடு படுத்தார், குளியலறையைத் தாழ் போட்டார், மனைவி கிட்டே போனால் சுவர்ப் பக்கம் நகர்ந்தார். அவள் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்ப்பவள், விவரமானவள். மெலிந்த புருஷன், புதுச் சட்டை நாலு, தாழ் போட்ட கதவு. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து, எவளோ ஒருத்தி இருக்கிறாள் என்ற முடிவுக்கு வந்தாள். தம்பியைக் கூப்பிட்டு அழுதாள்.

தம்பி துப்புத் துலக்கக் கிளம்பினான். தினமும் சலூனில் வந்து உட்கார்ந்து, விரித்த பேப்பருக்கு மேலாக எட்டிப் பார்த்தான். சும்மா உட்கார முடியாதே, ஒரே வாரத்தில் ஒரு முடிவெட்டு, மூன்று ஷேவிங், ஒரு மசாஜ். வெட்ட இனி முடியில்லை என்ற கட்டத்தில் அக்காவிடம் அறிக்கை கொடுத்தான்: "மாமா யோக்கியமாத்தான் தெரியுறாரு. ஆனா எந்நேரமும் கண்ணாடியப் பாத்துச் சட்டையச் சரி பண்ணிக்கிறாரு." எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றினான் மகராசன்.

கடை விடுமுறை நாள். மத்தியானம் டிரம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தால், கூடத்தில் பெட்டி கட்டி வைத்திருந்தது. பக்கத்தில் மைத்துனன்.

"நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன்" என்றாள் மனைவி. "அவ யாருன்னு மட்டும் சொல்லிடுங்க."

"யாருமில்ல. சத்தியமா."

"அப்ப சட்டையக் கழட்டுங்க. நகக்கீறலா, பச்சை குத்தின பேரா, எதை மறைக்கிறீங்கன்னு பாத்துட்டே போறேன்."

கழற்றாவிட்டால் போய்விடுவாள். கழற்றினால் பார்த்துவிட்டுப் போய்விடுவாள் என்றே டிரம் நினைத்தார். மேலிருந்து ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றினார். மைத்துனன் மரியாதைக்குக் கூரையைப் பார்த்தான்.

சட்டை விழுந்தது. இடுப்புக்கு மேல் தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. மைத்துனன் கூரையிலிருந்து இறங்கிப் பார்த்து, "இவ்ளோதானா" என்றான். ஒரு வாரத் தலை வீணாய்ப் போன வருத்தம் அவனுக்கு.

அவள் சிரிக்கவில்லை. "இதுக்காகவா?"

"பாக்க அசிங்கமா இருக்குல்ல. அதான்."

"ரெண்டாவது பொறந்தப்ப என் வயிறும் இப்படித்தான் தொங்குச்சு. காத்துப் போன பலூன்னு சொன்னீங்க. இதோ, இவன் முன்னாடிதான். ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சீங்க. நானும் கூடச் சேந்து சிரிச்சேன்."

டிரம்முக்கு அது நினைவே இல்லை. மைத்துனனுக்கு இருந்தது போலிருக்கிறது, மறுபடி கூரைக்குப் போய்விட்டான்.

"அன்னையிலேந்து விளக்கை அணைச்சிட்டுத்தான் துணி மாத்துறேன்" என்றாள். "பன்னெண்டு வருஷமாச்சு. நீங்க கவனிச்சதே இல்ல."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போய், துணிகளை ஒவ்வொன்றாகத் திருப்பி அடுக்க ஆரம்பித்தாள். டிரம் பின்னாலேயே போய்க் கதவோரம் நின்றார். வெட்கமாக இருந்தது, இந்தத் தடவை வயிற்றுக்காக இல்லை.

"தப்புதான். மன்னிச்சுடு" என்றார் மெதுவாக.

அவள் திரும்பவில்லை. "அன்னைக்கு அவன் முன்னாடிதானே சொன்னீங்க. இதையும் அங்க வந்து சொல்லுங்க."

டிரம் சட்டையில்லாமலே கூடத்துக்கு வந்து, மைத்துனன் எதிரில் நின்று, அவளுக்குக் கேட்கிற மாதிரி இன்னொரு தடவை சொன்னார்.