காலி டேப்பு பாவம்

போன செவ்வாய்க்கிழமை பாண்டி பஜாரில் ரமணியின் கேசட் கடைக்குப் போனேன். ஷட்டர் இறங்கியிருந்தது. பக்கத்து ஜூஸ் கடைக்காரர், "தெரியாதா உனக்கு? ரமணி நேத்து சாயங்காலம் செத்துட்டாம்பா. நெஞ்சுவலி" என்றார். நான், "அப்ப நாளைக்குத் தொறப்பாரா?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில்தான் எனக்கு உறைத்தது.

ரமணியிடம் பாட்டுப் பதிந்தவர்களுக்குத் தெரியும். கேசட்டின் கடைசியில் நாடா மீந்தால் சும்மா விடமாட்டார். பேப்பர் லைட்ஹவுஸ் என்ற இங்கிலாந்து ராக் குழுவின் பாட்டைப் போட்டு நிரப்பிவிடுவார். முருகன் பாட்டு என்று நான் வாங்கிப்போன கேசட்டில், சரியாகத் தீபாராதனை நேரத்தில் ஆர்கன் அலறியது. என் மனைவி கற்பூரத் தட்டோடு அப்படியே நின்றுவிட்டாள்.

சண்டைக்குப் போனேன். "இன்னா நைனா, நாலு நிமிசம் சும்மா கெடந்துச்சு. காலி டேப்பு பாவம்பா" என்றார். ஸ்டூலைத் தள்ளி உட்காரவைத்துக் கதையும் சொன்னார். ஐந்து பேர். எழுபதுகளின் தொடக்கத்தில் இரண்டே வருடம். ஒரே இசைத்தட்டு, அதன் ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு. அதை இன்னும் நீட்டவேண்டும் என்றார் ஆர்கன்காரர். இதுவே அதிகம் என்றார் டிரம்ஸ்காரர். தட்டும் விற்கவில்லை. டிரம்ஸ்காரர் பால் வண்டி ஓட்டப் போய்விட்டாராம். "அப்பால அஞ்சு பேரும் ஒரு ரூம்ல ஒக்காரவே இல்ல நைனா" என்றபோது, சொந்தத் தம்பிகள் பாகம் பிரித்துக்கொண்டதுபோல அவர் முகம் வாடியது.

ஒன்பதாம் வகுப்பைத் தாண்டாத எனக்கு இங்கிலீஷ் பாட்டு எல்லாமே ஒரே இரைச்சல். ஆனால் அடுத்த கேசட்டில் அந்தப் பாட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. யாருக்கு எதுவரை கொடுத்தோம் என்று அந்த மனிதர் நினைவில் வைத்திருந்தார். அப்புறம் ஆடிக்கும் தைக்கும் சாமி பாட்டுப் பதியக் காரணம் தேடினேன். "அப்பாவுக்கு பக்தி முத்திடுச்சு" என்றாள் மகள் சுதா.

கடைசியாகப் பார்த்த சனிக்கிழமை, "அந்தப் பாட்டு எப்படித்தாங்க முடியும்?" என்று கேட்டேன்.

"அத்த வாயால சொல்லக்கூடாது. இந்த கேசட்டோட முடியுது. செவ்வாக்கெழம வா."

நேற்று அவர் மனைவி கடையைத் திறந்து, என் பெயர் எழுதிய கேசட்டைத் தேடித் தந்தார். வீட்டில் போட்டோம். பிள்ளையார் பாட்டு முடிந்தது. அப்புறம் ஒன்றுமில்லை. அதுவரைதான் பதிந்திருக்கிறார். நாடா ஓடுகிற சத்தத்தை, பட்டன் தானாக எகிறும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த இசைத்தட்டு கடையில் இருக்கிறது, வேறு யாரிடமாவது கொடுத்துப் பதிந்துகொள்ளுங்கள் என்று அவர் மனைவி சொல்லியிருந்தார். சுதாவும் அதையே சொன்னாள். வேண்டாம் என்றுவிட்டேன். ரமணி காலியாக விட்ட நாடா உலகத்தில் அது ஒன்றுதான். அது என்னிடம் அப்படியே இருக்கட்டும்.