வெட்டுத்துணிக் கூரை

சைக்கிள் கேரியரில் சாக்கு மூட்டை, அதை ஒரு கையால் பிடித்தபடி தள்ளி வரும் சித்தப்பா. எழுபதுகளின் தொடக்கத்தில், ஒரு பங்குனி முழுக்க எங்கள் மயிலாப்பூர்த் தெரு பார்த்த காட்சி இது. மூட்டைக்குள் தையற்கடைகளில் கூட்டித் தள்ளும் வெட்டுத்துணி. சித்தப்பா தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றில் விற்பனையாளர். "கடைச் சரக்கு பத்தாதுன்னு குப்பையையும் அள்ளிட்டு வாறான்" என்று அப்பா தலையில் அடித்துக்கொள்வார்.

எல்லாம் சித்திக்காகத்தான். அவளுக்கு இதயம் பலவீனம். வெயில் ஏறினால் மூச்சு முட்டும். குடியிருந்ததோ அதே தெருவில் ஒரு வீட்டு மொட்டைமாடியில், ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒற்றை அறை. இந்தக் கோடையைத் தாண்டிவிட்டால் ஆபரேஷன் செய்யலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சித்தப்பா கூரைக்கு அடியில் துணி அடைத்த சாக்குகளை நெருக்கிக் கட்டி, அதன்கீழ் புடவை மடிக்கும் அட்டைகளை வரிசையாக ஆணியடித்தார். மாடித்தரையில் கால்வைக்க முடியாத சித்திரை மத்தியானத்தில், உள்ளே சித்தி அயர்ந்து தூங்கினாள். பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அதோடு விட்டாரா மனிதர்? புடவையை விரித்து, "தொட்டுப் பாருங்கம்மா" என்று சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். போகிற வருகிறவரையெல்லாம் கூப்பிட்டு அறையைக் காட்டினார். ஒருநாள் கீழே குடியிருந்த வீட்டுக்காரரையும் கையைப் பிடித்து அழைத்துவந்தார்.

"உள்ள வாங்க சார், அட்டையைத் தொட்டுப் பாருங்க!"

வீட்டுக்காரர் தொட்டுப் பார்த்தார். "இன்னா நைனா, ஊட்டி மாரி ஜில்லுனு கீது!" சித்தப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

மூன்றாம் நாள் அறையைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார். வைகாசியில் அவர் மகனுக்குக் கல்யாணமாம், புது ஜோடிக்கு இடம் வேண்டுமாம். அதுவரை அடுப்பாய்க் கொதித்த அந்த அறையை யார் கேட்டார்கள்?

"சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி! உன் வாய் இருக்கே வாய்!" என்று அப்பா கத்தினார். எங்கள் ஒற்றை அறையில் நாங்களே ஆறு பேர். தேனாம்பேட்டையில் அவசரத்துக்குக் கிடைத்ததும் ஆஸ்பெஸ்டாஸ் கூரைதான். மறுபடி சாக்கு கட்ட அவருக்கு நாள் கிடைக்கவில்லை. கத்திரி வெயில் முடியுமுன் சித்தி போய்விட்டாள். கடைசியாக என் அம்மாவிடம், "அவங்கள ஏசாதீங்கக்கா. பத்து நாளு நல்லாத் தூங்குனேம்லா" என்றாளாம்.

இன்று பாலவாக்கத்தில் எனக்குச் சொந்த வீடு, நல்ல கடற்காற்று. இங்கிருந்து என்னை யாரும் கிளப்ப முடியாது, தெரியும். ஆனாலும் யாராவது வந்து, "வீடு என்ன இப்படிக் குளுகுளுன்னு இருக்கு!" என்றால், "எங்கே, ஒரே புழுக்கம்" என்று சொல்லிவிடுகிறேன்.