கொடி பிடித்தவனின் ஏழு நோட்டுகள்

அப்பு, நீ போய் முப்பது நாளாகிவிட்டது. உன்னைப் பற்றி எழுதித் தரச் சொல்லி உன் கூட்டாளிகள் கேட்டார்கள். ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். தெரிந்த மாதிரி அவர்களுக்கு எழுதுகிறேன், நீயும் கேட்டுக்கொண்டிரு.

செய்தி வந்தபோது பசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். அவன் வேலை பார்த்த கல்லுடைப்பிலிருந்து போன். "அக்கா, அண்ணன் கொடியோடயே விழுந்துட்டாரு. நெஞ்சுவலி லா." ஆஸ்பத்திரியில் தாதி விவரம் எழுதும் பாரத்தை வைத்துக்கொண்டு, "இவர் உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள். கூடப் பிறந்த தம்பி என்றேன். நான்கு வருடத்துக்குப் பிறகு வெளியாள் முன்னால் அந்த வார்த்தையை அன்றுதான் சொன்னேன்.

பாறைக்கு வெடி வைக்கும் நேரத்தில் சிவப்புக் கொடியோடு ரோட்டை மறித்து நிற்பதுதான் அவன் வேலை என்று உங்களுக்குத் தெரியும். வெடிமருந்துப் பக்கம் அவனை யாரும் விட்டதில்லை, அவனும் தொட்டதில்லை. தூரத்தில் நின்று பார்த்துப் பார்த்தே, அது ஏன் வெடிக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசை வந்துவிட்டது. லீவு நாளில் சூலியா தெரு பழைய புத்தகக் கடைகளில் பள்ளிக்கூட ரசாயனப் புத்தகங்களைத் தேடி வாங்குவான். அகராதியை வைத்துக்கொண்டு வரிவரியாகத் தமிழில் எழுதுவான். ஏழு நோட்டு சேர்ந்தது.

"என்னடா, இந்த வயசுல பரீட்சை எழுதப் போறியா?" என்று கேட்டால், "தினம் பாக்குற ஆளு, பேரு என்னன்னு கேக்க மாட்டியா? அது மாதிரிதான்க்கா" என்பான். இன்னொன்றும் அடிக்கடி சொல்வான். "சத்தம் கடைசியிலதான் வரும். மலை முதல்லயே எழும்பிடும்."

என் மகளைப் பெண் பார்க்க வந்த அன்று, கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்த இவன் நோட்டோடு வந்தான். மாப்பிள்ளையின் அப்பா சும்மா கேட்டு வைத்தார், என்ன எழுதுறீங்க என்று. அது போதும் அவனுக்கு.

"நாம மூச்சு விடுற காத்துல பெரும்பங்கு நைட்ரஜன்ங்க. அது ஜோடி ஜோடியா சேர்ந்து சும்மா இருக்கும். பிரிச்சு வச்சா, திரும்பச் சேர்றதுக்கு அடிச்சிக்கும். அந்த அடியிலதான் மலை உடையுது."

மாப்பிள்ளையின் அம்மா தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டார். "இவரு பாம் செய்றவரா? பெண்ணுக்கு யாரு இவரு?"

நான் சொன்னேன்: "ஐயோ, சொந்தமெல்லாம் இல்லீங்க. ரூமுல வாடகைக்கு இருக்காரு."

அவன் என்னைப் பார்த்தான். நோட்டை மூடினான். "ஆமாங்க, ரூம்காரன்தான். தண்ணி குடிக்க வந்தேன்" என்று சொல்லி, உண்மையாகவே ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்துவிட்டு உள்ளே போனான்.

அவர்கள் மறுபடி வந்தால் கண்ணில் படக்கூடாது என்று அந்த வாரமே நோட்டுகளைக் கீழே கொண்டுபோனேன். சீனர்களுக்கு ஏழாம் மாதம்; அப்போது எரிப்பதெல்லாம் செத்தவர்கள் கைக்குப் போய்ச் சேருமாம். கீழ்வீட்டுச் சீன ஆண்ட்டி இறந்தவர்களுக்காகத் தகர டிரம்மில் காகிதம் எரித்துக்கொண்டிருந்தார். நானும் போட்டேன். "யாருக்கு?" என்று கேட்டார். யாருக்குமில்லை என்றேன். "பேரு சொல்லிப் போடணும். சொல்லாட்டி வழியில வேற யாராவது எடுத்துக்குவாங்க" என்றார். நான் பேர் சொல்லவில்லை.

சாயந்திரம் வந்து காலி அலமாரியைப் பார்த்தான். எரித்துவிட்டேன் என்றேன். "பிரிச்சுப் போட்டியாக்கா? கட்டாப் போட்டா உள்ள காத்து போகாது, நடுப்பக்கம் எரியாது" என்றான். பிரித்துத்தான் போட்டிருந்தேன். மறுநாள் காலையில் டிரம்மைக் கிளறிப் பார்த்தேன். சாம்பல்தான்.

கல்யாணத்தில் தாய்மாமனுக்கு உள்ள மாலையை என் ஒன்றுவிட்ட அண்ணனுக்குப் போட்டோம். சொன்ன பொய்யைப் பிறகு யாரால் திருப்ப முடியும்? மணவறையிலிருந்து பார்த்தால் மண்டபத்து வாசல் தெரிந்தது. புதுச்சட்டை போட்டுக்கொண்டு, சிவப்புக் கொடியை ஆட்டி, வந்த கார்களை நிறுத்த இடம் காட்டிக்கொண்டிருந்தான்.

துக்கத்துக்கு வந்த சம்பந்தியம்மா என் கையைப் பிடித்து, "பாவம், உங்க ரூம்காரரு எதுவும் வெடிச்சா போனாரு?" என்று கேட்டார். இல்லை, நெஞ்சுவலி என்றேன். அப்போதும் மற்றதைச் சொல்ல வாய் வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன், சம்பந்தியம்மா. அவன் என் தம்பி. உங்கள் மருமகளுக்குத் தாய்மாமன். பாம் செய்தவன் இல்லை, பாடம் படித்தவன்.

அவனுடைய கொடி என்னிடம் இருக்கிறது. ஓரம் வெளுத்துப்போன கொடி. துவைக்கவில்லை. வேறு எதையும் நான் மிச்சம் வைக்கவில்லை.

நேற்று டிரம் இருந்த இடத்தில் போய் நின்று உன் முழுப்பேரையும் சொன்னேன், அப்பு. நான்கு வருடம் தாமதம்தான். ஏழு நோட்டும் உன் கைக்கு வந்ததா, இல்லை வழியிலேயே வேறு யாராவது எடுத்துக்கொண்டார்களா?