ஓர் அறை, இரண்டு கட்டில்

குண்டசாலை நஸீப் நேபாளத்துக்குப் போனதில்லை. ஆனால் அன்னபூர்ணா மலையடிவாரத்துக்குப் போகிற பாதையில் எந்த ஊருக்கு அடுத்தது எந்த ஊர், எங்கே தொங்குபாலம், எந்தத் திருப்பத்தில் பனிமலை முதன்முதலாகக் கண்ணில் படும் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. கண்டி ரயில் நிலையத்துக்கு முன்னால் த்ரீவீலை நிறுத்தி ஹயருக்கு ஆள் வரக் காத்திருக்கும்போது ஆள் அங்கே இருப்பார், மனசு நாலாயிரம் மீற்றர் உயரத்தில் இருக்கும். இரண்டு தரம் கூப்பிட்டால்தான் கீழே இறங்கி வருவார்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு வரைபடம். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் வெள்ளைக்காரப் பிள்ளைகள் இரண்டு பேர் அவருடைய பின் ஆசனத்தில் மறந்துவிட்டுப் போனது. திருப்பிக் கொடுக்க ரயில் மேடை வரைக்கும் ஓடினார். பதுளை ரயில் புறப்பட்டுவிட்டது. வந்து உட்கார்ந்து விரித்துப் பார்த்தால், தாள் முழுக்க நெளிந்து நெளிந்து ஓடும் மெல்லிய கோடுகள். ஓடைகளாக்கும் என்று முதலில் நினைத்தார். அவை உயரத்தைக் காட்டும் கோடுகள் என்றும், கோடு நெருங்கினால் ஏற்றம் கடுமை என்றும் இன்னொரு பயணி சொல்லித்தான் தெரிந்தது. அன்றைக்குப் பிடித்த கிறுக்கு அது.

பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் கிடந்த வருடம் எல்லோரும் அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். நஸீபும் திட்டினார், குறை வைக்கவில்லை. திட்டி முடிந்ததும் வரைபடத்தை மடியில் விரித்துக்கொள்வார். சுட்டுவிரல் மெல்ல மெல்ல ஏறும். மூங்கில் காட்டுக்குள் நுழையும், ஆற்றோசை கேட்கும், மரங்கள் குள்ளமாகி, பிறகு மரமே இல்லாமல் போய், வெள்ளை வெளேரென்று ஒரு வெளி திறக்கும். வரிசையில் இரண்டு நாள் கிடந்ததில் அவருடைய விரல் அடிவாரம் வரை போய்த் திரும்பி, மறுபடியும் பாதி தூரம் ஏறியிருந்தது. வெயிலில் மேலே கூரை கொதிக்க, அவர் மட்டும் சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார்.

ஐம்பத்தாறு வயது மனிதர், பேரப்பிள்ளை கண்டவர். பனியைப் பார்க்க ஆசையாயிருக்கிறது என்று யாரிடம் சொல்வது? மனைவி றமீஸாவிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் சிரித்துவிடுவாளோ என்ற பயம்தான். தையல் மெஷினுக்கு முன்னால் அபாயா தைத்துக்கொண்டிருக்கும் அவள் ஒருநாளும் எதற்கும் அவரைப் பார்த்துச் சிரித்ததில்லை என்பதை அவர் யோசிக்கவில்லை.

ஆசைக்குக் காசு வேண்டும். பணக்காரருக்குத்தான் மலை என்றால் அது நடக்காத காரியம். ஆகவே நஸீப் வேறு வழி பிடித்தார். முதுகில் பெரிய பையோடு யார் ஏறினாலும், "நேபாளம் போயிருக்கிறீங்களா?" என்று தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்பார். போயிருந்தால் அடுத்த கேள்வி, "காசை எப்படி மிச்சம் பிடிச்சீங்க?" ரயில் நிலையத்திலிருந்து விடுதிக்குப் பத்து நிமிடப் பாதை. வாவிக்கரை நெரிசலில் மாட்டினால் அரை மணி. கண்டியில் அந்த நெரிசலுக்கு நன்றி சொன்ன ஒரே சாரதி அவராகத்தான் இருப்பார்.

கேட்டதையெல்லாம் தடித்த அட்டை போட்ட ஒரு சிஆர் கொப்பியில் நம்பர் போட்டு எழுதினார். குளிர்ச்சட்டையும் தூங்கும் பையும் பொக்கராவில் வாடகைக்குக் கிடைக்கும், வாங்கக் கூடாது. சனம் கூடும் மாதத்தை விட்டுவிட்டு மார்கழித் தொடக்கத்தில் போக வேண்டும். போத்தல் தண்ணீர் வாங்காமல், மாத்திரை போட்டுக் குழாய்த் தண்ணீர் குடிக்க வேண்டும். போனைக் கீழேயே சார்ஜ் பண்ணிக்கொள்ள வேண்டும், மேலே போகப் போக அதற்கும் காசு. பருப்பும் சோறும் கேட்டால் இரண்டாந்தரமும் சும்மா போடுவார்கள். இதை எழுதும்போது அவருக்கு வந்த சந்தோஷம் கொஞ்சமல்ல. ஹலாலா இல்லையா என்று மலை உச்சியில் நின்று விசாரிக்கிற தொல்லையும் தீர்ந்தது. தெற்காசிய நாட்டவர் என்பதால் இலங்கையருக்கு அனுமதிக் கட்டணம் மற்றவர்களை விடக் குறைவு. அதன் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார். நம் கடவுச்சீட்டுக்கு எங்கேயாவது இப்படியொரு மரியாதை கிடைத்தால் கோடு போடாமல் என்ன செய்வது?

பன்னிரண்டாவது குறிப்பு இது: மலையில் அறைக்குத்தான் காசு, ஆளுக்கு இல்லை. ஓர் அறையில் இரண்டு கட்டில். வழியில் யாரையாவது சேர்த்துக்கொண்டால் பாதிச் செலவு.

வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆவுக்குப் பிறகு ஓடும் முதல் ஹயரின் காசு அலுமாரியின் மேல் தட்டில் இருந்த பிஸ்கட் பேணிக்குள் போகும். எட்டு வருடம் போனது. இடையில் விலைவாசி அதில் பாதியைத் தின்றது, அவர் மறுபடியும் போட்டார். போன பங்குனியில் கடவுச்சீட்டு எடுத்தார். சிகரட்டை விட்டார். சுபஹு தொழுத கையோடு த்ரீவீலை ஹந்தானை அடியில் நிறுத்திவிட்டு, சுமைகாரருக்குக் கொடுக்கும் காசை மிச்சம் பிடிக்க வேண்டுமே என்று பத்துக் கிலோ அரிசிப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு மலையேறினார். தேயிலைக்கு நடுவே மூடுபனி வந்து காலைச் சுற்றும்போது கண்ணைப் பாதி மூடிக்கொள்வார். அப்போது அது ஹந்தானை இல்லை. ஏழு மணிக்கெல்லாம் ரயில் நிலையத்தில் நிற்பார். ஐப்பசி முடியும்போது கணக்குச் சரியாக வந்தது. அடுத்த கிழமை டிக்கட் போடுவதென்று முடிவு செய்துகொண்டார்.

அந்தக் கிழமைதான் ஹுதைபா நானா வந்தார்.

பக்கத்து வீட்டு ஹுதைபா நானாவும் நஸீபும் பேசி நாலு வருடம். ஒழுங்கைக்குள் த்ரீவீலை நிறுத்துவதில் தொடங்கிய சண்டை அது. அஸர் தொழுகை முடிந்த நேரம், கையில் பேரீச்சம்பழப் பெட்டியோடு மனிதர் வாசலில் நின்றதைப் பார்த்து நஸீபுக்கு ஒன்றும் ஓடவில்லை. கதிரையை இழுத்துப் போட்டார்.

"தம்பி, மனசுல ஒண்டும் வெச்சிக்காதீங்க," என்றார் ஹுதைபா நானா. "நான் பேசினதெல்லாம் மன்னிச்சிடுங்க."

"என்ன நானா இது. நானும்தானே பேசின. நீங்களும் மன்னிச்சிக்கோங்க." சுகமில்லாமல் இருக்கிறாரோ, அதனால்தான் இப்படிப் பேசுகிறாரோ என்று நஸீபுக்குப் பயமாகிவிட்டது.

"மன்னிச்சிட்டன். அங்க போனா எனக்கும் ஒரு துஆ கேளுங்க. ரசூலுல்லாக்கு என்ட சலாத்த எத்தி வெச்சிடுங்க."

நஸீப் திரும்பிப் பார்த்தார். தேத்தண்ணித் தட்டோடு உள்ளிருந்து வந்த றமீஸாவின் கண் கலங்கியிருந்தது. முகத்திலே அப்படியொரு பெருமை.

என்ன நடந்திருக்கிறது என்று அப்போதுதான் அவருக்கு விளங்கியது. உம்ரா யாத்திரைக்காக மக்கா போகிறவர்கள் அங்கே நிறைய நடக்க வேண்டும் என்று மாதக்கணக்கில் நடந்து பழகுவார்கள். போகுமுன் அக்கம்பக்கத்தோடு மனக்கசப்பைத் தீர்த்துக்கொள்வார்கள். கணவர் கடவுச்சீட்டு எடுக்கிறார், சிகரட்டை விடுகிறார், விடியலில் நடக்கிறார், பேணியில் காசு சேர்கிறது, வாய் திறந்து ஒன்றும் சொல்கிறாரில்லை. இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் குண்டசாலையில் எந்த மனைவிக்கும் வரக்கூடிய விடை ஒன்றுதான். மறைத்துச் செய்கிற நல்ல காரியத்தைக் கேட்டுக் கெடுக்கக் கூடாதென்று றமீஸா பேசாமலிருந்தாள். மகள் சப்னாவிடம் மட்டும் சொன்னாள். சப்னா தன் மாமியாரிடம் மட்டும் சொன்னாள். மாமியாருக்கு அந்தக் கட்டுப்பாடு இருக்கவில்லை.

சும்மா தலையாட்டியிருந்தால் அந்தப் பொழுது கழிந்திருக்கும். ஆனால் நபிகளுக்கென்று ஒருவர் நம்பிக் கொடுக்கிற சலாத்தை, போகாத இடத்துக்குக் கொண்டுபோவதாக எப்படி வாங்குவது? நஸீபுக்கு அந்தத் துணிவு இல்லை.

"நானா, நான் போறது அங்க இல்ல."

"பின்ன?"

"நேபாளம்."

"அங்க என்ன ஈக்கி?"

"மல."

ஹுதைபா நானா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். தூரத்தில் ஹந்தானை நீலமாகக் கிடந்தது. "மல இங்கயும் ஈக்கித்தானே தம்பி," என்றார், உண்மையிலேயே விளங்காமல்.

தேத்தண்ணியைக் குடித்துவிட்டே எழுந்தார். வாசலில் நின்று, "மன்னிப்புக் கேட்டது கேட்டதுதான். அத நான் திருப்பி எடுக்கல்ல. சலாத்த மட்டும் என்னோடயே வெச்சிக்கிறன்," என்றார். பேரீச்சம்பழப் பெட்டியையும் விட்டுவிட்டுத்தான் போனார்.

றமீஸா ஒரு சொல் பேசவில்லை. அன்றைக்கில்லை, மறுநாளுமில்லை. சோறு நேரத்துக்கு வந்தது, உடுப்பு மடித்து வைத்திருந்தது, மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. திட்டியிருந்தால் நஸீபுக்கு ஆறுதலாயிருந்திருக்கும். ரயில் நிலையத்தில் வரைபடத்தை விரித்தார். கோடுகள் வெறும் கோடுகளாகக் கிடந்தன, விரல் ஏறவில்லை. டிக்கட் போடவும் கை போகவில்லை.

நாலாம் நாள் பகல் சாப்பாட்டுக்கு வந்தபோது மெஷினுக்குப் பக்கத்தில் அவருடைய சிஆர் கொப்பி திறந்து கிடந்தது. றமீஸா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு பக்கத்தில் விரலை வைத்திருந்தாள்.

"மிச்சம் கவனமா எழுதீக்கிறீங்க," என்றாள். "தண்ணி மாத்திர, பஸ், சோறு பருப்பு. நல்லா ஈக்கி."

"றமீஸா, உம்ராவுக்குப் போகாம..."

"அதப் பத்தி நான் கேக்கல்ல. அது அல்லாஹ் கூப்பிட்டா போற. மலயும் அவன் படச்சதுதான். போய்ப் பாக்கிறதுல குத்தம் ஒண்டும் இல்ல." கண்ணாடியைக் கழற்றினாள். "பன்னெண்டாவதுல ஒண்டு எழுதீக்கிறீங்க. ஒரு ரூம், ரெண்டு கட்டில். வழியில யாரயாவது சேத்துக்கொண்டா பாதிச் செலவுண்டு."

"ஓ."

"முப்பத்தொரு வருஷமா ஒரே ரூம்ல ஈக்கிறோம். அந்த யாரயாவது எண்டு எழுதக்குள்ள என்ட பேர் ஒங்களுக்கு வரவே இல்லயா?"

அவளுக்கு முழங்கால் நோவு, குளிர் ஒத்துக்கொள்ளாது, பேரப்பிள்ளையை விட்டு வரமாட்டாள் என்று நஸீபுக்குச் சொல்ல நிறைய இருந்தது. அத்தனையும் அவராக நினைத்துக்கொண்டவை. ஒருநாளும் கேட்கவில்லை.

"நீங்க ஹந்தானைக்குப் போனதும் நானும் நடந்த," என்றாள் றமீஸா. "பள்ளிவாசல் முடுக்கு வரைக்கும் போய் வாற. மக்காவுல சுத்திற கணக்குக்கு ஏழு தரம். ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் காசு சேக்கிறீங்கண்டு நெனச்ச."

அலுமாரியைத் திறந்து அடித்தட்டிலிருந்து எதையோ எடுத்து மெஷின் மேல் வைத்தாள். உம்ராவுக்கென்று வெள்ளைத் துணியில் அவள் தனக்குத் தைத்துக்கொண்ட அபாயா. அதற்குக் கீழே, பயணத்தில் இடுப்பில் கட்டிக்கொள்ள அவருக்கென்று தைத்த காசுப் பட்டி. உள்ளே இரண்டு அறை வைத்து, இரண்டுக்கும் தனித்தனி ஸிப் போட்டிருந்தாள்.

நஸீப் அதைக் கையில் எடுத்தார். அழுகை வந்தது. மறைக்கவில்லை. இத்தனை வருடக் கனவில் பாலம் இருந்தது, மூங்கில் இருந்தது, பனி இருந்தது, முன்னே பின்னே தெரியாத ஒருவன் பக்கத்துக் கட்டிலில் குறட்டைகூட விட்டான். இவள் மட்டும் இல்லை. இதைவிட ஒருவன் தன் வீட்டுக்காரியை எப்படி மறக்க முடியும் என்று தன்னையே கேட்டுக்கொண்டார்.

முதலில் உம்ரா, பிறகு மலை, இரண்டுக்கும் இரண்டு பேர். கொப்பியில் புதிதாகக் கூட்டிப் பார்த்தபோது இன்னும் மூன்று வருடம் என்று வந்தது. அப்போது அவருக்கு ஐம்பத்தொன்பது. முழங்கால் தாங்குமா தெரியாது. அந்த மார்கழி கைவிட்டுப் போனதில் அவருக்கு மனவருத்தம் இல்லையென்று சொன்னால் பொய். இருந்தது, நன்றாகவே இருந்தது.

மறுநாள் விடியலில் த்ரீவீலைக் கிளப்பப் போனார். பின் ஆசனத்தில் றமீஸா ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். காலில் சப்னாவின் பழைய சப்பாத்து. மடியில் இரண்டு கிலோ சீனிப் பொதி.

"அரிசி பத்துக் கிலோ எனக்கேலாது. இதுல தொடங்குறன்," என்றாள்.

இப்போதும் ரயில் நிலையத்தில் நஸீப் வரைபடத்தை விரிக்கிறார். விரல் மறுபடி ஏறத் தொடங்கிவிட்டது. தொங்குபாலம் தாண்டும், மூங்கில் காடு தாண்டும். கோடுகள் நெருங்குகிற செங்குத்தான கல் படியில் மட்டும் அப்படியே நின்றுவிடும். ஒருநாள், பக்கத்து வண்டிக்காரர் கணேஸ் எட்டிப் பார்த்து, "என்ன நானா, அந்த எடத்துலயே நிக்கிறீங்க. ரோட்டு முடிஞ்சு போச்சா?" என்று கேட்டார்.

"இல்ல," என்றார் நஸீப். "றமீஸா பின்னால வாறா. வந்து சேரட்டும்."