லீவில் வந்திருந்த மாமா

மாமா துபாயிலிருந்து வந்தபோது நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். எழுத்து எங்கே கண்ணில் பட்டாலும் சத்தமாகப் படித்துவிடும் பழக்கம் எனக்கு இருந்தது. பேருந்துப் பலகை, மாத்திரை அட்டை, வடை மடித்து வந்த காகிதம், எதையும் விட்டதில்லை. சிதம்பரத்தில் எங்கள் தெருவில் அதற்காக எனக்குக் கொஞ்சம் பெயரும் உண்டு.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. வீடு கடலூர் முதுநகரில். அத்தையும், அப்போதுதான் நடக்கப் பழகியிருந்த ஒரு பெண் குழந்தையும் அங்கே இருந்தார்கள். துபாயில் உயரமான கட்டடங்களுக்குக் கம்பி கட்டும் வேலை. அந்த வருடம் உலகம் முழுக்கப் பண நெருக்கடி, அங்கே பாதிக் கட்டடங்கள் அப்படியே நிற்கின்றன என்று செய்தித்தாளில் வந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டில் யாரும் அதை மாமாவோடு சேர்த்துப் பார்க்கவில்லை. ஒரு மாத லீவு என்றார். லீவு என்றே எடுத்துக்கொண்டோம்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர் முதல் ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்களை வைத்துக்கொண்டு பெட்டியைப் பிரிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். மாமா எங்கள் வீட்டுக் கூடத்தில் பிரித்தார். சோப்பு, டார்ச் லைட், பேரீச்சம்பழம், புலிப் படம் போட்ட போர்வை. எனக்கு ஒரு சென்ட் பாட்டில். அதைத் தலைகீழாகத் திருப்பினேன். அடியில் சின்னதாக ஒரு கடையின் ஒட்டுத்தாள். கடைப் பெயரில் தொடங்கிக் கடைசி வரி வரைக்கும் படித்தேன்.

"மஞ்சக்குப்பம், கடலூர்."

அப்பாதான் ஆரம்பித்தார். "இன்னா மச்சான், துபாய மஞ்சக்குப்பத்துக்கு மாத்திட்டானுங்களா? சொல்லியிருந்தா பஸ்ஸுலயே வந்து பாத்திருப்போமே!"

கூடம் முழுக்கச் சிரித்தது. "லக்கேஜ் ஜாஸ்தின்னு ஏர்போர்ட்ல பாதிய எடுத்து வெச்சிட்டானுங்க மாமா. புள்ளைங்க ஏமாந்துபூடுமேன்னு இங்க வாங்கினேன்" என்று மாமாவும் சிரித்தார். அத்தை மட்டும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

அம்மா என்னைச் சமையலறைக்கு இழுத்துப் போய்த் தொடையில் கிள்ளினாள். "கண்ணுல பட்டதெல்லாம் ஒப்பிக்கணுமாடி? அத்தினி பேரு முன்னாடி அவன் மானத்த வாங்கிட்டியே. இனிமே மாமாவப் பத்தி எதனா வாயத் தொறந்தே, சூடு வெச்சிருவேன்."

கிள்ளிய இடம் ஒரு வாரம் நீலமாக இருந்தது. பாடம் நன்றாகவே பதிந்தது.

லீவு ஒரு மாதம் தாண்டி, மூன்று தாண்டி, ஐந்தாவது மாதத்துக்குப் போனது. வீட்டுக்கு வந்தவரிடம் எப்போது கிளம்புகிறாய் என்று கேட்டால் துரத்துவது போல ஆகிவிடும். வெளிநாட்டிலிருந்து வந்தவரிடம் அதைக் கேட்பது இன்னும் பெரிய குற்றம். அதனால் கேட்கவில்லை. அவரிடம் யாரும் எதையும் கேட்காத அளவுக்கு மரியாதையாக இருந்தோம்.

வாரத்தில் இரண்டு நாள் ஏஜென்ட்டைப் பார்க்க என்று சிதம்பரம் வருவார். மத்தியானம் எங்கள் வீட்டுக்கு வரும்போது வாயில் ஏலக்காய் இருக்கும். அதையும் மீறி ஒரு வாடை இருக்கும். அதற்கு முன்பு கல்யாண வீடுகளில்கூட அவர் குடித்ததில்லை. பாயை விரித்துச் சாயங்காலம் வரை தூங்குவார். "லீவுல வந்தவன் ரெண்டு நாளு ஜாலியா இருந்துட்டுப் போறான், உடேன்" என்பார் அப்பா. "ரெண்டு நாளா இது?" என்பாள் அம்மா. பேச்சு அதோடு நின்றுவிடும்.

பரீட்சை நடந்துகொண்டிருந்த ஒரு நாள் மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டேன். அப்பா உரக்கடையில், அம்மா அங்கன்வாடியில். மாமா வந்தார். முகம் வழித்திருந்தார். துவைத்த சட்டை. ஏலக்காயும் இல்லை, மற்ற வாடையும் இல்லை. பல மாதங்களுக்குப் பிறகு பழைய மாமாவைப் பார்த்ததுபோல இருந்தது. ஒரு சொம்புத் தண்ணீரை முழுதாகக் குடித்துவிட்டு, கைக்கடிகாரத்தைக் கழற்றி என் கையில் மாட்டினார். அது முழங்கைவரை ஏறியது.

"மாமா, இது ஒன்றர மணி நேரம் ஸ்லோவா ஓடுது."

"அது துபாய் டைமும்மா. மாத்தணும்னு தோணல. நீ மாத்திக்க."

"அப்ப உனக்கு?"

"எனக்கு இன்னாத்துக்கு இனிமே." கொஞ்ச நேரம் என் தலையில் கை வைத்திருந்தார். "அம்மாகிட்ட இன்னிக்குச் சொல்லாத. நாளைக்குச் சொல்லு."

"நான் எதுக்குச் சொல்றேன்?" என்றேன். பெரிய மனுஷி ஆகிவிட்ட நினைப்பு எனக்கு.

அவர் மூன்று மணிக்குப் போனார். அம்மா ஐந்து மணிக்கு வந்தாள். கொடியிலிருந்து துணிகளை எடுத்து உதறிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் கேட்டாள்.

"மாமா வந்தானாடி?"

வாய் திறக்கிறேனா என்று சோதிக்கிறாள் என்று நினைத்தேன். கடிகாரம் என் ஜாமெட்ரி பாக்ஸுக்குள் இருந்தது.

"இல்லையே."

"நெஜமா?"

"வரலம்மா."

அம்மா போனை எடுத்து, மாமாவைத் தேடி ஏற்கெனவே கூப்பிட்டிருந்த அத்தையிடம் பேசினாள். "இங்க வரலம்மா. ஏஜென்ட பாத்துட்டு வந்துடுவான். பயப்படாத." மாமாவிடம் நேரடியாகப் பேச வழியில்லை. அவருடைய செல்போனை அதற்கு முந்தின மாதமே விற்றிருந்தார்.

மறுநாள் விடியும் முன் கடலூரிலிருந்து போன் வந்தது. மாமா தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டிருந்தார்.

மாவட்டப் பக்கத்தில் நான்கு வரிச் செய்தி வந்தது. குடிப்பழக்கத்துக்கு அடிமையானவர் என்று அதில் இருந்தது. தப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் வேலை என்ற சொல் அந்த நான்கு வரியில் இல்லை. அவர் குடிக்காமல் இருந்த முப்பத்து மூன்று வருடங்களும் இல்லை. துக்கத்துக்கு வந்தவர்களும் குடி, குடி என்றே பேசினார்கள். அத்தை ஒருத்திதான் அழுகைக்கு நடுவே மறுத்துச் சொன்னாள். "வேல போயிதான் வந்தாரு. உங்கள்ட்ட சொன்னா கேவலம்னாரு. யாராச்சும் ஒருத்தரு ஏன்டா இன்னும் போவலன்னு கேட்டிருந்தா அழுதுகினே சொல்லியிருப்பாரு."

அப்பா அதற்குப் பிறகு யாரையும் கிண்டல் செய்து நான் பார்த்ததில்லை.

காரியம் முடிந்து ஊர் திரும்பிய அன்று சிதம்பரம் பேருந்து நிலையத்தில் அப்பா டீ வாங்கினார். கடைக்காரருக்கு மாமாவைத் தெரியும்.

"அன்னிக்கு உங்க மச்சான் ஏழு மணி வரைக்கும் இந்தப் பெஞ்சுலதான் சார் குந்திகினு இருந்தாரு. எத்தினி கடலூர் வண்டி போச்சி! ஏறலயான்னு கேட்டேன். அடுத்ததுல போறேன், அடுத்ததுல போறேன்னாரு. உள்ள நொழையற வழியவே பாத்துகினு இருந்தாரு."

அங்கிருந்து எங்கள் வீட்டுக்கு நடந்தால் பத்து நிமிடம். அப்பா டீயைக் குடிக்காமல் பெஞ்சிலேயே வைத்துவிட்டு எழுந்து நடந்தார். அவர் ஏன் இவ்வளவு வேகமாகப் போகிறார் என்று எனக்குத் தெரியவில்லை. அத்தனை பஸ்ஸும் கூட்டமாக வந்திருக்கும், மாமா உட்கார இடமுள்ள பஸ்ஸுக்காகக் காத்திருந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டே அவர் பின்னால் ஓடினேன்.