பல்லவிக்கு அப்பால்

நல்ல ஸ்பீக்கர் ஜோடி வாங்கிய பிறகுதான் கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் ஹால் எவ்வளவு மோசமானது என்று தெரிந்தது. தரை டைல்ஸ், வெற்றுச் சுவர், திரையில்லாத ஜன்னல். கிணற்றுக்குள்ளிருந்து பாடுவதுபோல் எதிரொலித்தது. எலக்ட்ரானிக்ஸ் படித்தவள் நான். ஒவ்வொன்றாகச் சரி செய்தேன். ஸ்பீக்கரைச் சுவரைவிட்டுத் தள்ளி வைத்தேன். ஜமுக்காளம் விரித்தேன். கடைசியாக, விருந்தாளிகளுக்கென்று பரணில் கிடந்த இலவம்பஞ்சு மெத்தையை எதிர்ச்சுவரில் தொங்கவிட்டேன்.

"அடுத்த வாரம் சித்தி வர்றா. சுவத்துல சாஞ்சுகிட்டே தூங்கச் சொல்லவா?" என்றார் அம்மா.

ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரே பாட்டை வைத்துத்தான் சோதித்தேன். பள்ளி வேனில் நானும் தங்கையும் சேர்ந்து பாடிய பாட்டு. பல்லவி முடிந்ததும் நிறுத்துவேன், எதையாவது நகர்த்துவேன், மறுபடி பல்லவி.

தங்கைக்குப் பொறுமை போய்விட்டது. "அக்கா, நீ பாட்டு கேக்கல. பொட்டியக் கேக்குற."

சுருக்கென்றது. கடைசியாக ஒரு பாட்டை முழுதாக எப்போது கேட்டேன் என்று யோசித்தேன், நினைவுக்கு வரவில்லை. அவள் போனிலேயே கேட்டு எல்லா வரியும் பாடுவாள். எனக்கு இரண்டாவது சரணம் மறந்தே போயிருந்தது. பாட்டைத் தொலைத்துவிட்டுத்தான் இதையெல்லாம் செய்கிறேனா?

"உக்காரு. முழுசாக் கேப்போம்" என்றேன்.

"நடுவுல எந்திரிச்ச, மெத்தை பரணுக்குப் போயிடும்."

"போகட்டும்."

பல்லவி முடிந்தபோது கை பரபரத்தது. அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். முதல் சரணத்தின்மீது ஒரு விமானம் தாழப் பறந்து போனது, நான் அசையவில்லை. தங்கை வழக்கம்போல் கூடவே பாடிக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது இடையிசையில் அவள் பாட்டு நின்றது. இடப்பக்கம், புல்லாங்குழலுக்குப் பின்னால், ஒற்றை வயலின் பல்லவியின் மெட்டை மெதுவாக, தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல் வாசித்தது. வேனிலும் போனிலும் நாங்கள் கேட்டேயிராத வயலின்.

"இது எப்பவும் இருந்துச்சா?"

"பதிவு பண்ண அன்னிலருந்து."

மறந்துபோன இரண்டாவது சரணம் வரி வரியாக எனக்குத் திரும்பி வந்தது. ஹாலின் எதிரொலியைத் துடைத்து அந்த வயலினுக்கு வழிவிட்டவள் நான். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கவில்லை.

பாட்டு முடிந்தது. தங்கை சமையலறைப் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, சித்திக்கு என் கட்டிலக் குடுத்துடலாம். மெத்தை அங்கயே இருக்கட்டும். கைய தொடச்சிட்டு வா, நீ ஒரு வயலினக் கேக்கணும்."