ஏசிக்குள் வேர்த்த மனுசன்

மணப்பெண்ணின் தாய்க்கு ஒரு கூறைச்சேலையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தபோதுதான் அது முதன்முதலாக வந்தது. வெள்ளவத்தையில், காலி வீதியோரமாக இருக்கும் எங்கள் புடைவைக் கடையின் மேல்மாடி பட்டுப் பகுதி. அங்கே ஏசி ஓய்வதில்லை. சேலை பார்க்க வருகிற பெண்கள் சிலர் தலைப்பால் தோளை மூடிக்கொண்டுதான் இருப்பார்கள்.

நெஞ்சின் நடுவில் ஒரு சூடு கிளம்பியது. கழுத்துக்கு ஏறி, காது இரண்டும் எரிந்து, தலைமயிருக்குள் போனது. நெஞ்சு படபடத்தது. முகம் துடைக்க லேஞ்சியை எடுக்கக் கை சேட் பைக்குப் போகுமுன் மூக்கு நுனியிலிருந்து ஒரு துளி வேர்வை சேலையின் கரையில் விழுந்துவிட்டது. பட்டில் தண்ணி பட்டால் அடையாளம் நிற்கும். இந்தத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து எனக்குக் கீழே வேலை பழகியவர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்தது அது.

"அண்ணைக்குச் சுகமில்லையோ?" என்று அந்த அம்மா அன்பாகத்தான் கேட்டார். கேட்டபடியே சேலையை மெல்ல மற்றப் பக்கம் தள்ளி வைத்தார்.

கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. நனைந்த சேட் முதுகோடு ஒட்டி, ஏசிக் காற்றில் உடம்பு நடுங்கத் தொடங்கியது. அவர்கள் வேறு கடைக்குப் போய்விட்டார்கள்.

அதற்கு முந்திய வருடம் பம்பலப்பிட்டியில் பஸ்ஸால் இறங்கும்போது, கால் தரையில் பட முதலே டிரைவர் பஸ்ஸை எடுத்துவிட்டான். விழுந்ததில் இடுப்பு அடிபட்டு, நாரி எலும்பு வெடித்தது. ஒப்பரேஷன் செய்தார்கள். எலும்பு பொருந்தியது, நோ மட்டும் போகவில்லை. கட்டிலால் எழும்பவும் சப்பாத்துப் போடவும் மனைவியின் தயவு வேண்டியிருந்தது. பல குளுசைகளை மாற்றிப் பார்த்து, கடைசியில் கிளினிக்கில் ஒன்று தந்தார்கள். மோர்பின் குடும்பத்து மருந்து, நினைத்தபடி கூட்டவோ திடீரென்று நிற்பாட்டவோ கூடாது என்றார்கள். மலச்சிக்கல் வரும், நித்திரை தூங்கும் என்றும் சொன்னார்கள். அந்தக் குளுசைதான் என்னை எழுப்பித் திரும்பவும் கடையில் நிறுத்தியது. அதைச் சந்தேகிக்க எனக்கு மனம் வரவில்லை.

பிறகு அந்தச் சூடு நினைத்த நேரமெல்லாம் வந்தது. மீன் வாங்கும்போது, தேவாலயத்துப் பூசையில் முழந்தாளிடும்போது, சும்மா பேப்பர் வாசித்துக்கொண்டிருக்கும்போது. சொன்னால் ஒருவரும் நம்பவில்லை. கொழும்பில் நின்றுகொண்டு சூடாக இருக்கிறது என்று ஒருவன் சொன்னால் யார் அதைக் காதில் எடுப்பார்கள்? "ஆருக்கண்ணை வேர்க்கேல்லை?" என்றான் கூட வேலை செய்பவன். பிரஷர் என்றார் ஒருவர், சீனி வருத்தம் என்றார் இன்னொருவர். பக்கத்து வீதி டொக்டர் பிரஷரைப் பார்த்தார், ரத்தத்தில் சீனியைப் பார்த்தார், இரண்டும் சரி. "தண்ணி நல்லாக் குடியுங்கோ, வெயிலுக்கை திரியாதேங்கோ" என்று அனுப்பிவிட்டார். ஏசிக்குள் வேர்க்கிற மனுசனுக்கு வெயிலைப் பற்றிச் சொன்னார். கிளினிக்கில் இருந்தவரோ என் முகத்தைப் பார்க்கவேயில்லை. "நோ எப்படி? குறைவா? நல்லது" என்று சிங்களத்தில் கேட்டுத் தானே பதிலும் சொல்லி, பழைய மருந்தையே திரும்ப எழுதினார்.

முதலாளி நல்ல மனுசன். ஆனாலும் ஒரு நாள் என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டார்.

"குறை நினைக்காதேங்கோ. நீங்கள்... பின்னேரத்திலை கொஞ்சம் எடுக்கிறனீங்களோ?"

குடிக்கிறேனா என்று கேட்கிறார். முகம் சிவந்து, கண் கலங்கி, வேர்த்து நிற்கிறவனைப் பார்த்து வேறு என்ன நினைப்பார்? கலியாண வீடுகளில்கூடக் குடிக்காதவன் நான். அதைச் சொன்னேன். சொல்லும்போதே அடுத்த சூடு கிளம்பி, பொய் சொல்பவனைப் போல லேஞ்சியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நின்றேன். அடுத்த கிழமை என்னைக் கீழே, பள்ளிக்கூட யூனிஃபோம் துணி விற்கிற பகுதிக்கு மாற்றினார். வெள்ளைப் பருத்தித் துணியில் வேர்வை விழுந்தால் என்ன, காய்ந்துவிடும். கீழே ஏசி கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பாதிச் சோற்றில் சூடு வந்தது. சேட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, தொடர்மாடியின் சின்ன பல்கனிக்குப் போய் நின்றேன். மனைவி பின்னால் வந்தாள்.

"என்னப்பா, இது நெஞ்சிலையிருந்தோ துவங்குது?"

"ஓம்."

"வாறதுக்கு முதல் ஒரு படபடப்பு, ஏதோ நடக்கப்போகுது எண்ட மாதிரி?"

"ஓம்."

"பிறகு குளிருதோ?"

நான் திரும்பிப் பார்த்தேன். அவளுக்குச் சிரிப்பு வந்தது. என் முகத்தைக் கண்டதும் அடக்கிக்கொண்டாள்.

"எனக்கு வாறதுதான் உங்களுக்கும் வருது."

"உமக்கென்ன விசரோ? உமக்கு மாதவிடாய் நிக்கிற வயசு. நான் ஆம்பிளை."

"ஆம்பிளையாய் இருந்தால் என்ன? இது அதேதான். எனக்குத் தெரியாதோ?"

நான் மிச்சச் சோற்றைத் தொடாமல் போய்ப் படுத்துவிட்டேன். அவள் சொன்னது சரியாக இருக்கலாம் என்று பட்டதால்தான் கூடக் கோபம்.

அடுத்த கிளினிக்குக்கு அவளும் வந்தாள். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள், சிங்களம் அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. அன்றைக்குப் புதிதாக ஒரு பெண் டொக்டர் இருந்தார். என் மனைவி சொன்னதை இடைமறிக்காமல் கேட்டார். குளுசை எப்போது தொடங்கியது, சூடு எப்போது தொடங்கியது என்று கேட்டார். பிறகு, வீட்டில் மனைவியோடு ஆசை முந்தி மாதிரி இருக்கிறதா என்று கேட்டார். அந்தளவு சிங்களம் கடையில் நின்ற எனக்கும் விளங்கும். நான் மேசையைப் பார்த்தேன். மனைவி அதைத் தமிழில் எனக்குச் சொல்லவில்லை. "இல்லை, கனநாளா இல்லை" என்று தானே சிங்களத்தில் பதில் சொல்லிவிட்டாள். அவள் ஒரு நாளும் அதைப் பற்றி என்னிடம் கேட்டதில்லை. நான் நோவுதான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ரத்தம் எடுத்தார்கள். ஆண்களுக்குரிய ஹோர்மோன் நன்றாக இறங்கியிருந்தது. கனநாள் இந்த வகைக் குளுசை பாவித்தால் சிலருக்கு அப்படி ஆகும், அப்போது ஆண்களுக்கும் இந்தச் சூடு வரும் என்று டொக்டர் விளங்கப்படுத்தினார். மெல்ல மெல்லக் குறைத்துப் பார்க்கலாம், ஒரேயடியாக விட்டால் அதற்கும் வேர்க்கும் என்றார்.

"இதை ஏன் ஒருத்தரும் முதலே எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டேன். மனைவி அதைச் சிங்களத்தில் கேட்டாள். டொக்டர் மன்னிக்கச் சொன்னார், அது அவருடைய பிழையாக இல்லாவிட்டாலும்.

ஓட்டோவில் என்னோடு திரும்பிய மனைவி வீட்டு வாசல் வந்தபிறகுதான் வெடித்தாள்.

"உங்களுக்கு எண்டவுடனை ரத்தம் எடுக்கினம், மன்னிப்புக் கேக்கினம். நான் எத்தினை வருஷமா இப்பிடி வேர்த்துக்கொண்டு குசினியிலை நிக்கிறன்? வயசு, அப்பிடித்தான் எண்டு சொல்லி அனுப்பிவிட்டினம். நீங்களும் அதைத்தானே சொன்னீங்கள்."

அந்தக் கிழமையே அவள் பம்பலப்பிட்டியில் ஒரு லேடி டொக்டரைப் பார்க்கத் தானே நேரம் எடுத்தாள். கூட வரட்டோ என்று கேட்டேன், வேண்டாம் என்றாள். அவர் கொடுத்த மருந்து கொஞ்சம் கேட்கிறது என்று பிறகு சொன்னாள்.

என் குளுசை மாதத்துக்கு மாதம் குறைந்தது. சூடும் குறைந்தது, ஒரு சூடும் இல்லாத நாட்களும் வந்தன. ஆனால் நாரி நோ பழையபடி வந்து குந்திவிட்டது. யூனிஃபோம் துணியை வெட்ட மேசைக்குக் குனிந்தால் நிமிர நேரமாகும். முதலாளியிடம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லி, மேல்மாடிக்குத் திரும்பவும் அனுப்பச் சொன்னேன். கலியாண சீசன் முடியட்டும், பார்ப்போம் என்றார். அங்கே நிற்கிற புதிய ஆள் நன்றாக விற்கிறாராம். நோ இல்லாமலோ, சூடு இல்லாமலோ, இரண்டில் ஒன்றை எடு என்று உடம்பு கேட்கிறது, எதை எடுத்தாலும் மற்றதுக்காக ஏங்கவேண்டி இருக்கிறது. இதுதான் எனக்கு ஆத்திரம்.

போன மாதம் கிளினிக்குக்குப் போனால் அந்தப் பெண் டொக்டர் மாற்றலாகிப் போய்விட்டார். அவருடைய இடத்தில் இருந்தவர் என் நடையைப் பார்த்தார். நோ கூடியிருக்கிறது, பழைய அளவுக்குக் கூட்டுவோம் என்று எழுதத் தொடங்கினார்.

"எப்பா, டொக்டர்" என்றேன், சிங்களத்தில். வேண்டாம்.

ஏன் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். சூடு, வேர்வை, ஹோர்மோன், வீட்டு விஷயம் வரைக்கும். இந்த முறை மேசையைப் பார்க்கவில்லை, அவருடைய முகத்தைப் பார்த்தே சொன்னேன். வெளியே காத்திருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். அவர் எழுதியதை வெட்டிவிட்டு, குறைத்த அளவையே திரும்ப எழுதினார்.

"அப்படியென்றால் நோவைத் தாங்க வேண்டும்" என்றார்.

தாங்குகிறேன் என்றேன். மருந்து எழுதிய துண்டை வாங்கிக்கொண்டு நடந்தேன். மருந்து கொடுக்கிற இடத்தில் வரிசை வாசலுக்கு வெளியே வந்திருந்தது, கதிரை ஒன்றும் காலியாக இல்லை. சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றேன்.